விழுந்தா யாரும் தொடாதீங்க

பொலிஸ் ஸ்டேசன் தேத்தண்ணி நல்லா இருக்கு சேர். சீனிதான் கொஞ்சம் தூக்கல். பரவால்ல, எனக்குச் சீனி வியாதி இல்ல. அந்த வருத்தம் என் பொஞ்சாதி ஜீவராணிக்குத்தான்.

நான் பூனாகலை தேயிலைத் தோட்டத்துல நாடகம் போடுறவன். போன வருஷம் வரைக்கும் எங்க நாடகத்துக்கு ஆளை விட நாய்தான் கூட வரும். அப்புறம்தான் எனக்கு மூளை வேலை செஞ்சுச்சு. வீட்டுலயே ஒரு வருத்தக்காரிய வச்சுக்கிட்டு வெளிய எதுக்குக் கதை தேடணும்? 'ஒடம்பு'ன்னு பேரு வச்சேன். அவ ஒருத்தி மட்டும்தான் நடிப்பா. மேடையிலேயே இன்சுலின் ஊசி போட்டுக்குவா. தோட்டத்து மருந்துக்காரர் மாதிரிப் பேசிக் காட்டுவா: தலைவலிக்கும் வெள்ளை மாத்திரை, பிரசவ வலிக்கும் அதே வெள்ளை மாத்திரை. நான் போன்ல லைவ் விடுவேன்.

மூணாவது தடவை நெசமாவே அவளுக்குச் சீனி எறங்கிருச்சு. வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு கொழறுச்சு. பிளாஸ்க்குல இருந்த சீனித் தேத்தண்ணியக் குடுத்தேன், எந்திரிச்சிட்டா. ஆனா அந்த நடுக்கத்துக்குக் கனடாவுல இருந்தெல்லாம் லைவ்ல இதயமாக் கொட்டினாங்க சேர். எட்டு வருஷம் நான் சொல்லிக் குடுத்தும் வராத நடிப்பு.

அதுக்கப்புறம் நாடகத்தன்னிக்குச் சாப்பிட வேணாம்னேன். வயிறு உப்பித் தெரியும்னு காரணம் சொன்னேன். பிளாஸ்க்கை ரெண்டு நிமிஷம் பிந்திக் கொண்டு போனேன். அடுத்த தடவை அஞ்சு நிமிஷம். அவ சண்டை போடல. "நீங்க பக்கத்துலதானே இருக்கீங்க"ன்னு மட்டும் சொன்னா.

பௌர்ணமிப் போயா லீவன்னிக்குப் பின்னேரம் தோட்டத்து வாசிகசாலையில போட்டோம். முன்வரிசையில அவ அம்மா, எங்க அத்தை பாக்கியலெட்சுமி. நம்ம சனம் பாசக்காரச் சனம். அவ விழுந்தா ஓடி வந்து காரியத்தையே கெடுத்துருவாங்க. அதனால முந்தியே சொல்லிட்டேன்: "இது நம்ம காமன் கூத்து மாதிரி. எரிஞ்ச காமனை நாள் வராம எழுப்புவோமா? இவ விழுந்தா யாரும் தொடாதீங்க. நானே எழுப்புவேன்." வருஷா வருஷம் காமன் எரியிறதையும் மூணாம் நாள் எழும்புறதையும் பாத்த ஆளுங்களுக்கு அது போதும்.

விழுந்தா. சனம் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்துச்சு. அத்தை மட்டும் ரெண்டு தடவை எந்திரிச்சாங்க. நான் கையைக் காட்டினேன், உக்காந்துட்டாங்க. பிளாஸ்க் என் காலடியிலதான் இருந்துச்சு. லைவ்ல பன்னிரண்டாயிரம் பேர், ஏறிக்கிட்டே இருந்தாங்க. அரை மணித்தியாலம் விட்டேன். அதுக்கப்புறம் தேத்தண்ணி உள்ள எறங்கல.

அடக்கம் முடிஞ்சு அத்தை என் கையைப் புடிச்சுக்கிட்டு, "மூணாம் நாள் ஆச்சே மாப்ள, எழுப்பலையா?"ன்னு கேட்டாங்க. பாவம், பைத்தியம் புடிச்ச மாதிரி ஆயிட்டாங்க. எனக்கு மனசுக்கு ரொம்பச் சங்கடமாப் போச்சு.

பின்னால ஏத்தின வீடியோவுல ஏதாச்சும் வெட்டுனியான்னு கேட்டீங்க. ஒரே ஒரு எடம் சேர். கண்ணு சொருகுறதுக்கு முந்தி என் பக்கம் கையை நீட்டி, "என்னங்க, தேத்தண்ணி"ன்னு சொன்னா. ஒத்தை ஆள் நாடகத்துல 'என்னங்க'ன்னு கூப்புட ஆளு கெடையாது. அதனால அதை மட்டும் எடுத்துட்டேன்.

மத்தபடி, என் கை அவ மேல படவே இல்ல.