உருக்காத மோதிரம்

மோதிரம் விற்கப் போகும்போது நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போக வேண்டும், ஐயா. பழசைக் கட்டிக்கொண்டு போனால் கஷ்டத்துக்கு விற்கிறாள் என்று நினைத்து, சேதாரம், அழுக்கு என்று எடையில் கழித்துவிடுவார்கள். நான் ஈஸ்டருக்கு எடுத்த ஊதாப் புடவையைக் கட்டிக்கொண்டு ராஜாங்கம் ஆசாரி கடைக்குப் போனேன்.

"விக்கிறதா, மாத்துறதாம்மா?" என்று கேட்டார். எங்கள் ஊரில் பெண்கள் நகையை மாற்றத்தான் வருவார்கள்.

"விக்கத்தான்" என்றேன்.

அவர் என் விரலைப் பார்த்தார். மோதிரம் இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது. மூன்று வருஷம் போட்டிருந்தேன்.

"நிச்சயதார்த்தத்துக்குப் போட்டதா?"

"ஆமா. உருக்கிடுங்க."

"உருக்காம வச்சிப் பூசையா பண்ணப் போறேன்" என்று சிரித்தார். ஆனால் உரைகல்லில் உரசியபிறகும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சைகோன் வேலைப்பாடு, அதில் இருந்த பூவைப்போல இங்கே யாரும் செதுக்கமாட்டார்கள். விவரம் தெரிந்தவர்கள் மூசையில் போட்டு உருகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். நான் உட்காரவில்லை. விற்ற தங்கம் என்றால் உருகின தங்கம் என்று நினைத்து எழுந்து வந்துவிட்டேன். அவர் மனசு வராமல் அதைக் கண்ணாடிப் பெட்டியிலேயே வைத்திருந்ததும், எனக்கு நிச்சயம் பண்ணியிருந்த எமீலின் அம்மா அதைப் பார்த்து அடையாளம் சொன்னதும், நீங்கள் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எமீலை நீங்கள் பிணமாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். உயிரோடு இருந்தபோது நல்லவன்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தான். எழுபத்தைந்தில் லீவில் வந்தபோது எங்களுக்கு நிச்சயம் ஆனது. மாதா கோயில் சாமியார் மோதிரத்தை மந்திரித்துக் கொடுத்தார். அவன் அம்மா சைகோனில் இருந்த காலத்தில் போட்டிருந்த மோதிரம்; அவளே கழற்றித் தந்தாள். மூன்று வருஷம் காத்திருந்தேன். அதில் எனக்குச் சிரமம் ஒன்றும் இல்லை.

இந்த முறை வந்தபோது ழனெத் என்கிற பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னான். அவள் வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சு நேஷனாலித்தே, அதாவது குடியுரிமை, உண்டு. அண்ணன் அந்த நாட்டிலேயே தூலோனில் கடை வைத்திருக்கிறான். என் அப்பா அறுபத்திரண்டில் பிரெஞ்சுக் குடியாகவே இருக்கிறேன் என்று எழுதிக் கொடுக்கவில்லை. இங்கே பிறந்தேன், இங்கேயே கிடந்து சாகிறேன் என்று சொல்லிவிட்டார். சொன்னபடியே செத்தும் போனார்.

எமீல் சொன்னதைக் கேட்டு நான் அழவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட வாய் மாதிரி மரத்துப்போய் இருந்தேன். காப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனான். அந்த வாரத்திலேயே மோதிரத்தை விற்றுவிட்டேன். வேண்டாத பொருளை வீட்டில் எதற்கு வைத்துக்கொண்டு?

அதற்குப் பிறகுதான் மறுபடி வந்தான். எங்கள் ஆட்களில் ஒரு முறை உண்டு, ஐயா. மாப்பிள்ளை பெண்ணை வேண்டாம் என்றால் மோதிரம் பெண்ணுக்கே. பெண் மாப்பிள்ளையை வேண்டாம் என்றால் அவள் திருப்பித் தந்துவிட வேண்டும்.

"சாமியார்கிட்ட நீதான் வேணாம்னு சொன்னதா சொல்லிடு ஜெர்மேன்" என்றான். "அம்மா மோதிரத்தக் கேட்டுக்கினே இருக்காங்க. ழனெத்துக்குப் போடணுமாம்."

அவன் என்னை விட்டுப் போனது வலிக்கவில்லை. நானே அவனை விட்டதாக என் வாயால் சொல்லச் சொன்னானே, அது வலித்தது. அந்த மாதத்தில் எனக்கு வலித்தது அது ஒன்றுதான்.

"கெணத்துல வுழுந்துடுச்சி" என்றேன்.

நம்பிவிட்டான். எதைச் சொன்னாலும் நம்புவான். அவனிடம் எனக்குப் பிடித்த குணமே அதுதான். "தண்ணி இருக்குதா?" என்று கேட்டான். சித்திரை மாதத்தில் தண்ணீர் ஏது, சேறுதான் இருக்கும் என்றேன். குழாய் வந்ததிலிருந்து அந்தக் கிணற்றைப் பலகை போட்டு மூடித்தான் வைத்திருக்கிறோம். "நாளைக்கு எறங்கித் தேடிப் பாக்குறேன்" என்றான். சரி என்றேன்.

மறுநாள் காலையில் வடிவேலின் ரிக்‌ஷாவில் வந்தான். வடிவேல் எங்கள் தெருக்காரன். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு நிழலில் உட்கார்ந்துகொண்டான். எமீல் சட்டையைக் கழற்றி மடித்துத் துவைக்கிற கல்மேல் வைத்தான். பட்டாளத்துப் பழக்கம், நல்ல மடிப்பு. நான்தான் பலகையை எடுத்துக் கொடுத்தேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். பாதியில், "ஒரு மாதிரி நாத்தம் அடிக்குது ஜெர்மேன்" என்றான். பழைய கிணறு அப்படித்தான் இருக்கும் என்றேன். கொஞ்ச நேரத்தில் கயிறு தளர்ந்துவிட்டது.

உடனே கத்தினேன் என்று முன்பு ஸ்டேஷனில் உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கத்தவில்லை. அவன் சட்டையை எடுத்துத் தாழ்வாரத்தில் வைத்தேன். வெயிலில் சாயம் போய்விடும்.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். முதல் நாள் சாயங்காலம் எமீல் போனதும், நான் பலகையை நகர்த்தி அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினேன். அப்பா இருந்தபோது தூர் வார ஆள் வந்தால் முதலில் அதைத்தான் செய்வார். விளக்கு அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது. கிணற்றைத் திறந்து போட்டு, வேப்பங்கிளையைக் கட்டி இறக்கி, கெட்ட காற்று போகும்வரை மேலும் கீழுமாக ஆட்ட வேண்டும். பாதி ஆழத்தில் விளக்கு அணைந்தது. காற்றடித்து அணைந்திருக்கலாம் என்று மேலே இழுத்து, ஏற்றி, மறுபடியும் இறக்கினேன். மறுபடியும் அணைந்தது. பலகையைப் பழையபடி மூடிவிட்டேன். பக்கத்து வீட்டில் பூனை குட்டி போட்டிருந்தது. விழுந்துவிட்டால் பாவம்.

எமீலை நான் இறங்கச் சொல்லவில்லை. அவனாகக் கேட்டான், அவனாக இறங்கினான். அவன்மேல் எனக்குக் கோபமும் இல்லை. அவனுக்காகப் பூசைக்குக் கொடுத்திருக்கிறேன்.

வடிவேல் விஷயம்தான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. குடிக்கத் தண்ணீர் கேட்டு உள்ளே வந்தவன், என்னைப் பார்த்தான், கிணற்றை எட்டிப் பார்த்தான். "ஐயையோ முசே" என்றான். எமீலை அவன் துரை என்கிற மாதிரி அப்படித்தான் கூப்பிடுவான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டே கயிற்றைப் பிடித்துவிட்டான். அவனோடு எனக்கு ஒரு வழக்கும் இல்லை. நாலு பிள்ளைக்காரன். ஆனால் இறங்காதே என்று சொன்னால் ஏன் என்று கேட்பான். விளக்கு அணைந்ததைச் சொல்ல வேண்டிவரும். அப்படியானால் எமீல் இறங்குவதற்கு முன்னால் ஏன் சொல்லவில்லை என்று ஊரே கேட்கும். அவன் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"கயிறு தாங்குமாக்கா?" என்றான்.

"தாங்கும்" என்றேன்.

கயிறு தாங்கத்தான் செய்தது. அவன் கேட்ட கேள்விக்கு நான் சரியாகத்தான் பதில் சொன்னேன், ஐயா.