இனிப்பு மருந்து

கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரல் போகும் ரயிலில் என் எதிரே வெள்ளைச் சீருடையில் ஒரு தாதி. பக்கத்தில் அவரைவிட இளைய தோழி.

“மருந்து கொடுத்ததுதான் நான் செஞ்ச தப்பு,” என்றார் தாதி.

“என்னக்கா, மருந்து கொடுக்குற மிஸ்ஸி பேசுற பேச்சா இது?”

“காட்டுக்குள்ள ஒராங் அஸ்லி ஆதிவாசிங்க கம்பத்துக்கு எங்க கிளினிக் வேன் மாசம் ஒரு தடவைதான் போகும். இடையில காய்ச்சல் கூடிட்டா யார் பார்க்குறது? அந்தப் பயத்துல, எந்தப் பிள்ளை வந்தாலும் டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதிடுவாரு.”

“சும்மா சளிக்குமா?”

“சும்மா சளிக்குத்தான். தேவையில்லன்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நானே தண்ணி ஊத்திக் கலக்கி, முதல் ஸ்பூன ஊட்டி விடுவேன். இனிப்பா இருக்கும்லா, வரிசையா நின்னு வாயத் திறக்குங்க.”

“இப்ப என்னாச்சு?”

“அதுல ஒரு பிள்ளைக்குக் கால்ல புண்ணு. வார்ட்டுல கிடக்கு. ஒவ்வொரு மருந்தா மாத்திப் பார்த்துட்டாங்க, மருந்து பழகிப்போன கிருமி எதுக்கும் அசையல.”

ரயில் ஷா ஆலமைத் தாண்டியதும் தாதி தொடர்ந்தார்.

“நேத்து பார்க்கப் போனேன். கையில ஒண்ணும் கொண்டு போகல. என்னைக் கண்டதும் வாயத் திறந்துச்சும்மா.”