கந்தளாய் ரோட்டில் அடங்கிய அக்சிலேட்டர்

இரவு இரண்டரை மணி. ஹபரணையைத் தாண்டிக் கந்தளாய்ப் பக்கம் வருகிற ரோட்டு. இரண்டு பக்கமும் காடு. முன்னால் ஒரு வாகனமும் இல்லை, பின்னாலும் இல்லை... ஒரேயொரு மோட்டார் சைக்கிள் மட்டும் எழுபதில் வந்துகொண்டிருக்கிறது. ஓட்டுகிறவனின் வலது கை ஹாண்டிலில் இல்லை. தொடையில் கிடக்கிறது.

கிட்ட வந்து இருங்கள். இடையில் போனை எடுத்து வெளிச்சம் அடிக்க நினைக்கிறவர் இப்போதே எழும்பிப் போகலாம். இது நான் கட்டின கதை இல்லை. என் கூட்டாளி தர்சனின் அண்ணன் தனோஜனுக்கு நடந்தது. தர்சன் சொல்லும்போது அவனுக்கு அழுகை வந்தது. கேட்ட எனக்குக் கோபம்தான் வந்தது. இன்னும் ஆறவில்லை.

கை தொடையில் இருந்தால் பைக் எப்படி ஓடும் என்று கேட்பீர்கள். தனோஜன் கொழும்பில் தச்சு வேலை செய்கிறவன். ஏணியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு முறிந்து பொருந்தின கை அது. ஒரு மணித்தியாலம் அக்சிலேட்டரைப் பிடித்தால் விரல்கள் விறைத்துப்போகும். திருகோணமலைக்கோ ஆறேழு மணித்தியால ஓட்டம். அதனால் பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடையொன்றில் ஒரு அக்சிலேட்டர் லொக் வாங்கிப் பூட்டியிருந்தான். வலது கைபிடியோடு சேர்ந்த ஒரு வளையம், பக்கத்தில் இறுக்குவதற்கு ஒரு ஆணி. பெருவிரலால் தட்டினால் அக்சிலேட்டர் விட்ட இடத்திலேயே நிற்கும். கையை எடுத்து உதறலாம், தொடையில் வைக்கலாம். குறைக்கவேண்டும் என்றால் கைபிடியை முன்னுக்குத் திருப்பினால் அடங்கிவிடும். ஆனால் அதை ஒரு கை திருப்பவேண்டும். தானாக அடங்காது.

அன்றிரவு ஒன்பதரைக்குத் தர்சன் போன் எடுத்தான்.

“அண்ணா, அப்பாவுக்கு ஏலாது. விடியுமட்டும் தாங்கமாட்டார் எண்டு டொக்டர் சொல்லுறார். வாறதெண்டா இப்பவே வெளிக்கிடுங்கோ.”

“கதைக்கிறாரோ?”

“ஓம், இடைக்கிடை.”

“அப்ப வாறன். எனக்கு அந்த மனுசனோட ஒரு கதை கிடக்கு.”

என்ன கதை? சொல்கிறேன். தகப்பன் அருளம்பலம் லொறி ஓட்டினவர். இறக்கக்கண்டியில் மீன் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோகிற லொறி. ஐந்து வருடத்துக்கு முந்தி ஒரு விடியற்காலை, கல்ஓயாச் சந்திக்குக் கிட்ட, லொறி ரோட்டை விட்டு இறங்கிச் சைக்கிளில் போன ஒரு மனிதரை அடித்தது. அந்த இடத்திலேயே ஆள் முடிந்துவிட்டார். பக்கத்து சீற்றில் இருந்தவன் தனோஜன். தகப்பன் ஸ்டியரிங்கில் தலை சாய்ந்து கிடந்ததைக் கண்ணால் கண்டவன்.

“சைக்கிள்காரன் லைற் இல்லாமல் குறுக்க வந்தவன் எண்டு சொல்லு” என்றார் அருளம்பலம். வழக்கு நாளன்று செத்தவரின் மனிசி மூன்று பிள்ளைகளோடு கோட்டில் நிற்கிறா. தனோஜனுக்கு அந்தப் பொய்க்கு நாக்குப் புரளவில்லை. “அப்பா நித்திரையில ஓடினவர்” என்று உள்ளதைச் சொன்னான். அருளம்பலத்தை இரண்டு வருடம் உள்ளே போட்டார்கள். கூட்டிக்கொண்டு போகும்போது அவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

“பெத்தவனைக் காட்டிக் குடுத்தனி என்ன. நீ எனக்குக் கொள்ளி வைக்கப்படாது. தம்பி வைக்கட்டும்.”

மூத்த மகனைப் பார்த்து! அதுவும் நாலு சனத்துக்கு நடுவில்! அதற்குப் பிறகு அவனுக்கு அந்த வீட்டுக் கதவு திறக்கவில்லை. தாய் முந்தியே போய்ச் சேர்ந்துவிட்டதால் கதவைத் திறக்கச் சொல்லவும் ஆள் இல்லை. ஊர் முழுக்க அவனைத்தான் துரோகி என்றது. அவன் கொழும்புக்கு ஓடினான். ஐந்து வருடமாக அவனுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வசனம். நான் நித்திரை கொண்டனான், நீ சொன்னது சரி. அதை அந்த வாய் மூடுவதற்கு முதல் கேட்டுவிடவேண்டும். அதற்காகத்தான் காலை ஆறு மணியிலிருந்து வேலை செய்த உடம்போடு அந்த இரவில் வெளிக்கிட்டான்.

கல்ஓயாச் சந்தி வந்தது. செத்த சைக்கிள்காரர் வந்து மறித்திருப்பார் என்று நினைக்கிறீர்கள், இல்லையா? ஒன்றுமில்லை. ஒரு நாய்கூட இல்லை. தனோஜன் அந்த இடத்தை எழுபதிலேயே கடந்தான்.

அதற்குப் பிறகுதான்...

ஊஊஊ என்று ஒரே சீராக இரைந்துகொண்டிருந்த எஞ்சின் சத்தம் மெல்ல இறங்கியது. எழுபது... அறுபது... நாற்பது. அவன் திடுக்கிட்டுப் பார்த்தால் பைக் ரோட்டின் மற்றப் பக்கத்தில், சரளைக் கல்லில் நொறுநொறுவென்று போகிறது. லொக் இளகிவிட்டது என்று நினைத்துக் கடைக்காரனைத் தூஷணத்தால் ஏசினான். பைக்கை வெட்டி எடுத்தான். திரும்ப எழுபது. திரும்ப லொக். கை தொடைக்குப் போனது.

கண் எரிந்ததாம். ஆனால் நித்திரை வரவே இல்லை என்று இன்றைக்கும் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணுகிறான்.

மூன்று மணியும் கொஞ்சமும். முதலில் மணம் வந்தது. டீசல். அதோடு ஐஸ் உருகின மீன் தண்ணீர்... கண்ணுக்கெட்டின தூரம் ஒரு லொறியும் இல்லை. திரும்பவும் எஞ்சின் இறங்கியது. இந்த முறை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். மீற்றர் வெளிச்சத்தில், ஒருவரும் தொடாத கைபிடி, முன்னுக்குத் திரும்புகிறது. அதன் கட்டம் போட்ட றப்பர் நாலு இடத்தில் பள்ளமாக அமுங்கியிருக்கிறது. நாலு விரல் பிடித்தால் அமுங்குகிற மாதிரி.

கையை எடுத்து அதன்மேல் வைத்தான். உள்ளங்கை றப்பரில் படவில்லை. நடுவில் ஏதோ இருந்தது. வெதுவெதுப்பாக. சுட்டுவிரல் முட்டியில் ஒரு கட்டி. அந்தக் கட்டியை அவன் சின்ன வயதிலிருந்து அறிவான். அப்பாவின் கை.

பயந்தானா என்று கேட்டேன் தர்சனிடம். இல்லையாம். கொதித்தானாம்.

“வர விடமாட்டீங்களோ? சாகக் கிடந்தும் இந்த வீம்போ உங்களுக்கு?” என்று காட்டுக்குள் கத்தினான். கைபிடி அடங்கியபடியே இருந்தது. அவன் முறுக்கித் திறப்பான், அது மூடும். அவன் திறப்பான், மூடும். கந்தளாய் தாண்டுமட்டும் இதே சண்டை. நான் என்றால் பைக்கை ரோட்டில் போட்டுவிட்டு ஓடியிருப்பேன். அவனுக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் கழன்றது. பிறந்ததிலிருந்து நீங்கள் என்று சொன்ன தகப்பனை அன்றைக்குத்தான் முதல்முறை...

“எடு கையை! எடு நீ!”

தம்பலகாமம் கிட்டுகிறது. முழுப் பலத்தோடு முறுக்கி எழுபதுக்குக் கொண்டுவந்தான். லொக்கைத் தட்டினான். இடது கையால் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்த குறட்டை எடுத்து வளையத்து ஆணியைக் கவ்வினான். இறுக்கினான். ஒரு சுற்று. கைபிடி துடித்தது. இரண்டாம் சுற்று. மூன்றாவது சுற்றுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு திருகினான்.

மளக்.

இரும்பு அப்படிச் சத்தம் போடாது. முருங்கைக் கொப்பு முறிகிற சத்தம். ஒன்று... இரண்டு... மூன்று... நாலு. டீசல் மணம் சட்டென்று இல்லாமல் போனது. கைபிடி அசையவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தான். நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. வென்றுவிட்டேன் என்று சிரித்தானாம்.

அதற்குப் பிறகு ஒருவரும் வேகத்தைக் குறைக்கவில்லை.

சீனக்குடாவுக்குக் கிட்ட ஏதோ உரசுகிற சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தான். கால்தாங்கி பாலத்துக் கம்பியில் தீப்பொறி பறக்க உரசிக்கொண்டு போகிறது. கீழே கறுப்புத் தண்ணீர். பைக் அதே எழுபது. கண்ணைத் திறந்தான் என்றேன்... எப்போது மூடினான்? அது அவனுக்குத் தெரியாது. இறுக்கின லொக் கையால் அசையவில்லை. எஞ்சின் சுவிச்சை அடித்து நிற்பாட்டினான்.

குறட்டால் லொக்கைக் கழற்றி எறிந்துவிட்டு, ஆசுபத்திரிக்கு வந்தபோது நாலரை கழிந்திருந்தது. வார்ட் வாசலில் தர்சன் நின்றான். முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது.

“எப்ப?”

“நாலுக்குப் பத்து நிமிசம் இருக்கேக்க.”

“என்னைப் பற்றி ஏதாவது சொன்னவரோ?”

“ரெண்டரையில இருந்து உங்கட கதைதான் அண்ணா. ‘பொடியன் நித்திரை கொள்ளுறான், நிப்பாட்டுங்கோ’ எண்டு கத்தினவர். வலது கையைப் பொத்திப் பொத்தித் திருப்பினவர். ‘நானும் இப்பிடித்தான் நித்திரை கொண்டனான், அந்த மனுசனைச் சாகடிச்சனான், மூத்தவன் சொன்னது சரி’ எண்டு சொன்னவர். எல்லாரும் கேட்டவை. பிறகு...”

ஐந்து வருடம்! போன் இருந்தது, நம்பர் இருந்தது, வாய் இருந்தது. ஒரு நிமிடக் கதை. அதைக் கடைசி இரவில், கேட்கவேண்டியவனைத் தவிர மற்ற எல்லாருக்கும் சொல்லிவிட்டுப் போன அந்த மனிதரை நான் என்ன சொல்லி ஏச? தனோஜனும் அதைத்தான் செய்தான். கட்டிலுக்கு ஓடி, “எனக்கேன் சொல்லேல்ல? என்னட்டயெல்லோ சொல்லியிருக்கவேணும்!” என்று பிணத்தைப் பிடித்து உலுக்கினான். வார்ட் முழுக்க எழும்பிவிட்டது.

“அப்பாவின்ர கையைத் தொடாதேங்கோ அண்ணா” என்றான் தர்சன். “அந்த நேரம் ஒருத்தரும் கிட்டப் போகேல்ல. தனியத்தான் கிடந்தவர். திடீரெண்டு ஒரு கத்து...”

தனோஜன் போர்வையை விலக்கினான். வலது கையில் நாலு விரலும் நடுவில் முறிந்து பின்பக்கமாக மடிந்து கிடந்தன. உள்ளங்கையில் சின்னச் சின்னக் கட்டமாக ஏதோ பதிந்து சிவந்திருந்தது. நகங்களுக்குள் கறுப்பு றப்பர்த் துகள் இருந்தது.