அவர் தாங்குவார்

எங்கள் வீட்டில் கண்ணாடி டம்ளர் உடைந்ததே இல்லை, மேடம். கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் கொடுத்த செட் அப்படியே இருந்தது. தினமும் குடிக்கிற ஆள் இருந்த வீடு என்றால் நம்பமாட்டீர்கள். என் கணவர் வெங்கடபதி அத்தனை நிதானமானவர்.

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். "மொதலாளிக்கு என்னங்க, எவ்வளவு ஊத்துனாலும் தாங்குவாருங்க." கல்யாணமான புதிதில் ஒரு குவார்ட்டருக்கே அவருக்குக் கண் சொருகிவிடும். போகப் போக அளவு ஏறியது, ஆட்டம் குறைந்தது. கடைசியில் ஒரு முழு பாட்டில் காலியானாலும் கோடு போட்டதுபோல நடந்தார். கொப்பரை வியாபாரிகளிடம் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசுவார். வீட்டில் நாங்கள் பேசுவது தெலுங்கு. அதில் எனக்கு மரியாதை கிடையாது.

தள்ளாடுகிற குடிகாரனுக்கு வாழ்க்கைப்பட்டவள் கொடுத்துவைத்தவள். அவன் ஓங்கினால் விலகிக்கொள்ளலாம், பாதி அடி சுவருக்குப் போகும். என் கணவரின் கை குறி தவறியதே இல்லை. அம்மா வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "மாப்பிள்ளை ஒருநாள்கூடத் தள்ளாடி நாங்க பாத்ததில்லையே கண்ணு" என்றார்கள். ஒருமுறை இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கே வந்தேன். அவரும் பின்னாலேயே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, 'ங்க' போட்டுப் பேசினார். அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்து, எனக்குப் புத்தி சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொல்லவில்லை.

காதில் ரத்தம் வந்தபோது டாக்டரிடம் போனேன். கதவில் இடித்துக்கொண்டதாகச் சொன்னேன். அவர் நம்பவில்லை, என் கணவரைப் பற்றிக் கேட்டார். எவ்வளவு குடித்தாலும் தாங்குவார், காலையில் குடிக்கிறவரைக்கும்தான் விரல் லேசாக நடுங்கும் என்றேன்.

"தாங்கறது பலம் இல்லீங்கம்மா. ஒடம்பு பழகிருச்சு, அவ்வளவுதான். கல்லீரல் உள்ளுக்குள்ள கெட்டுட்டுத்தான் இருக்கும்" என்றார். "சாராயம் மூளையை அமுக்குது. மூளை அதை எதிர்த்துத் தள்ளிட்டே இருக்குது. ஒரு கதவ ரெண்டு பேர் ரெண்டு பக்கமும் தள்ளிட்டு நிக்கறாப்பல. ஒருத்தர் சட்டுன்னு வெலகினா இன்னொருத்தர் குப்புற உழுவாருல்லங்க? அதனால நீங்களா வீட்டுல வெச்சு நிறுத்தீராதீங்க. நடுக்கம் வரும், வலிப்பு வரும், உயிரே போயிரும். ஆஸ்பத்திரியில சேத்தி, மருந்து கொடுத்துத்தான் நிறுத்தணும்."

நல்ல மனுஷர். பொறுமையாக, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

எங்கள் ஒரே பெண் மேக்னாவுக்குச் சூலூரில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் முடிந்திருந்தது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறவள், லீவுக்கு வந்திருந்தாள். ஒரு ராத்திரி அவள் குறுக்கே வந்ததில், எனக்கு விழவேண்டிய அடி அவள் கன்னத்தில் விழுந்தது. அவள் அழவில்லை. இத்தனை வருஷம் இதையா வாங்கிக்கொண்டிருந்தாய் என்பதுபோல என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் எனக்குத் தாங்கவில்லை. நான் செய்தது எல்லாம் அவளுக்காகத்தான். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

காலையில் அவருக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும். குடியை விடுகிறேன் என்றார். அப்படியானால் கோயிலில் கயிறு கட்டிக்கொள்ளுங்கள் என்றேன். எங்கள் பக்கத்தில் குடியை விடுகிறவர்கள் சாமி முன்னால் கையில் கயிறு கட்டிக்கொள்வது வழக்கம். கயிற்றோடு குடித்தால் ரத்தம் கக்கிச் சாவான் என்று பயம். டாக்டருக்கும் கலெக்டருக்கும் அஞ்சாதவர்கள்கூட அந்தக் கயிற்றுக்கு அஞ்சுவார்கள். மகள் கல்யாணம் முடிகிற வரைக்கும் என்று வேண்டிக்கொண்டார்.

பூசாரி கேட்டார், "ஒடம்புக்கு ஏதாச்சும் தொந்தரவு இருக்குதுங்களா?"

"ஒண்ணுமில்லீங்க, தாங்குவாரு" என்று நான்தான் சொன்னேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். எனக்கு இரண்டு பேருமே கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலமே வேர்த்துக் கொட்டியது. மறுநாள் மோர் கொடுத்தேன், டம்ளர் கை நழுவிக் கீழே விழுந்து உடைந்தது. எங்கள் வீட்டில் உடைந்த முதல் டம்ளர். அவர் சில்லுகளையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தார். நான் பெருக்கி எடுத்துவிட்டு வேறு டம்ளரில் கொடுத்தேன். பிறகு படுக்கை முழுக்க எறும்பு ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருந்தார். ஒரு எறும்பும் இல்லை.

தோப்பைப் பார்த்துக்கொள்ளும் அங்கப்பன் வந்து எட்டிப் பார்த்தார். "ஏனுங்க அம்மணி, மொதலாளி மூஞ்சியே செரியில்லீங்க. காரை எடுக்கட்டுங்களா?"

"கயிறு கட்டின ஒடம்புங்க. சாமி சோதிக்குது, தன்னால செரியாயிரும்" என்றேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கோயம்புத்தூருக்குத் திரும்பியிருந்த மேக்னா போனில் கேட்டபோது, அப்பா தூங்குகிறார் என்றேன்.

அதற்குப் பிறகு அவருக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. என்னை யாரோ என்று நினைத்துக்கொண்டார். தமிழில், கையைக் கூப்பிக்கொண்டு, "ஏனுங்கம்மா, என்னயக் கொஞ்சம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறீங்களா? புண்ணியமாப் போகுமுங்க" என்றார். கல்யாணமாகி அன்றைக்குத்தான் என்னிடம் 'ங்க' போட்டுப் பேசினார், மேடம். எனக்கு அழுகை வந்துவிட்டது. தலையைத் தடவிக்கொடுத்து, "நீங்க தாங்குவீங்க" என்றேன்.

வலிப்பு வந்தது, நின்றது, மறுபடி வந்தது. இரண்டாவது வலிப்பு நின்றபோது அவர் இல்லை.

சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டுப் போனார் என்று ஊரே கும்பிட்டது. குடிக்காமல் செத்த மனுஷனின் மனைவி என்று எனக்கும் கொஞ்சம் மரியாதை கிடைத்தது. கருமாதிக்கு வந்த டாக்டர், "அம்மாகிட்ட அப்பவே சொன்னேனே" என்று மேக்னாவிடம் கேட்கப்போய்த்தான் அவள் உங்களிடம் வந்தாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை.

டாக்டர் சொன்னது மறந்துபோனதா என்று கேட்கிறீர்கள். மறக்கவில்லை. ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. கார் சாவி என் இடுப்பில்தான் செருகியிருந்தது. அவர் கும்பிட்டபோது எழுந்து வாசல்வரைக்கும் போகவும் செய்தேன். பிறகு திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மகளுக்காக என்று எழுதச் சொன்னேனே, அந்த வரியை அடித்துவிடுங்கள். குறி தவறாத அந்தக் கையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன், மேடம். அது நடுங்கியது. அதைப் பார்த்து எனக்குப் பயமே இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் அது நடுங்கட்டும் என்று இருந்தது.