அம்மா எப்படி இருக்காங்க?

பீடோங் கடைத்தெருவில் விற்கிற சூடத்தில் பாதி மெழுகு. கொளுத்தினால் எரியத்தான் செய்யும். ஆனால் கையால் அடித்து அணைத்தால் உள்ளங்கையில் கறுப்பாக ஒட்டிக்கொள்ளும், தேய்த்தாலும் லேசில் போகாது. அதனால் நான் சுங்கைப் பட்டாணியில் ஒரு பூசைச் சாமான் கடையில்தான் வாங்குவேன். அந்தக் கடைக்காரர் என்னைப் பெரிய பக்திமான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இன்ஸ்பெக்டர் லோகேஸ்வரி அவர்களே, நீங்கள் கேட்டது சூடத்தைப் பற்றி இல்லை என்று எனக்குத் தெரியும். விழுந்த விமானத்தைப் பற்றிக் கேட்டீர்கள். கிளம்பும் முன் கேப்டன் தேவன் துணை விமானி ஹஃபீஸிடம், “இன்று நான் பறக்கக் கூடாது, ஆனால் என் அம்மா” என்று சொல்லிப் பாதியில் நிறுத்திக்கொண்டானாம். ஹஃபீஸ் பாவம், கால் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். தாய்க்குச் சுகமில்லை போலும், சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போகப் பார்க்கிறார் என்று நினைத்தானாம். நீங்கள் விசாரித்தீர்கள். அந்த நேரத்தில் தேவனின் அம்மா நல்ல சுகத்தோடு வீட்டில் தீபாவளிக்கு முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள். அப்படியானால் அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று என்னைக் கேட்டீர்கள். தெரியாது என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தெரியும். என்னைத் தவிர இதை வேறு யாராலும் சொல்ல முடியாது, அதனால் யாரும் கூப்பிடாமலேயே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் பரஞ்சோதி. சுங்கை லாலாங் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன். அலோர் ஸ்டாரில், ஒரு கைப்பேசிக் கடையின் மாடியில் இருக்கிற சிறிய சரக்கு விமானக் கம்பெனிக்கு விமானிகளைப் பிடித்துக் கொடுப்பதும், யார் எப்போது பறக்க வேண்டும் என்று அட்டவணை போடுவதும் என் வேலை. கம்பெனியிடம் இருந்தது இரண்டே விமானம், இரண்டும் கிழம். ஆன்லைனில் வாங்கிய சாமான், மீன் குஞ்சு, மருந்துப் பெட்டி எல்லாம் ஏற்றுவோம். முதலாளிக்கு விமானமும் லாரியும் ஒன்றுதான். லாரி ஓட்டுகிறவன் தூங்கினால் ஓரமாக நிறுத்தலாமே என்று நான் ஒரு நாள் சொன்னதற்குச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

பெருந்தொற்றுக் காலம் முடிந்தபோது, விமானி உரிமம் வாங்கிய நம் பிள்ளைகள் மோட்டாரில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் சேமநிதி, அம்மாவின் தாலிக்கொடி எல்லாம் அந்த உரிமத்துக்குள் போயிருந்தது. பெரிய கம்பெனிகள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பிள்ளைகளைத் தேடிக் கொண்டுவந்தேன். கோயில் திருவிழாவில் எனக்குப் பொன்னாடை போட்டார்கள்.

சம்பளத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அடிப்படைச் சம்பளம் பஸ் ஓட்டுகிறவர் வாங்குவதைவிடக் குறைவு. மீதி எல்லாம் பறக்கிறதற்கான படிப்பணம். பறந்தால் உண்டு, எம்சி என்கிற மருத்துவ விடுப்பு எடுத்தால் இல்லை. தங்குவதற்குச் சரக்குக் கிடங்கின் பின்னால் இரண்டு மெத்தையும் ஒரு காற்றாடியும் போட்டிருந்தோம். சாமான் வரும்வரை விமானத்தடியில் காத்துக் கிடக்கிற நேரத்தையும் ஓய்வு நேரம் என்றே கணக்குக் காட்டினோம். பிள்ளைகள் வாய் திறக்கவில்லை. வாய் திறக்காத பிள்ளையாகப் பார்த்துத்தான் நான் எடுத்தேன். நேர்முகத்தில் விமானத்தைப் பற்றி நான் ஒன்றும் கேட்டதில்லை, அதற்கு வேறு ஆள் இருந்தார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் தம்பி என்று கேட்பேன். எந்தப் பிள்ளை முதலில் அம்மாவைச் சொல்கிறானோ அவனுக்கு வேலை.

இருந்தும் போய்விடுவார்கள். எங்கள் செலவில் பயிற்சி முடித்து, கை பழகியதும் பெரிய கம்பெனி கூப்பிடும். ஒப்பந்தம் இருக்கிறதே என்றால், வக்கீலைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். முதலாளி என் முகத்துக்கு நேரே கத்தினார். அன்றைக்குத்தான் எனக்குச் சூடத்தின் ஞாபகம் வந்தது. எங்கள் லயத்தில் ஒரு கோழி காணாமல் போனால்கூட, சந்தேகத்துக்கு ஆளானவனை முனியாண்டி முன்னால் நிறுத்துவார்கள். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். எடுத்தவன் கைநீட்ட மாட்டான். வக்கீலை வைத்து ஒப்பந்தத்தை உடைக்கலாம், இதை உடைக்க எந்த வக்கீலாலும் ஆகாது.

பிள்ளைகளிடம் முதலில் கேட்டது சின்னச் சத்தியம். மூன்று வருஷம் கம்பெனியை விட்டுப் போக மாட்டேன், அவ்வளவுதான். பிறகு, கொடுத்த பயணத்தை மறுக்க மாட்டேன் என்று சேர்த்தேன். அதற்கும் பிறகு, பெற்ற தாய்மேல் ஆணையாக என்று சேர்த்தேன். ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. தாய்மார்களுக்கு இது தெரியாது. உன் உயிரை ஈடு வைத்திருக்கிறேன் என்று எந்தப் பிள்ளை வீட்டில் போய்ச் சொல்வான்?

எனக்கு முனியாண்டி மேல் நம்பிக்கை கிடையாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இருந்தது, எனக்கு அது போதுமாக இருந்தது.

தேவன் மாரியம்மா அக்காவின் மகன். அக்கா என் கூடப்பிறந்தவள் இல்லை. ஒரே லயத்தில் அடுத்த வீடு. புருஷன் போன பிறகு செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கி அவனைப் படிக்க வைத்தாள். எனக்குப் பிள்ளை கிடையாது. அவன் நடக்கப் பழகியது என் விரலைப் பிடித்துக்கொண்டுதான். முதல் முறை வெள்ளைச் சட்டையும் தோளில் பட்டையுமாக வந்து என் காலில் விழுந்தபோது அள்ளித் தூக்கி நிறுத்தினேன். மற்றவர்களுக்கு ஒரு நியாயம், இவனுக்கு ஒரு நியாயம் என்று இருக்கக் கூடாது இல்லையா? அடுத்த வெள்ளிக்கிழமை அவனையும் முனியாண்டியிடம் அழைத்துப் போனேன். சிரித்துக்கொண்டேதான் கை நீட்டினான். தாய்மேல் என்று நான் எடுத்துக் கொடுத்தபோது சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான். பிறகு அடித்தான்.

ஒரே ஒரு முறை மறுத்தான். ஹரி ராயா பெருநாள் நெருக்கம். காய்ச்சல், காது அடைத்திருக்கிறது, மேலே போனால் காது கிழிந்துவிடும் என்றான். நியாயமான காரணம். அன்றைய விமானம் போகவில்லை, முதலாளி என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். அந்த வாரமே காட்டில் ஒரு செம்பனை மட்டை அக்காவின் தோளில் விழுந்தது. தோளெலும்பு முறிந்துவிட்டது. தோட்டத்தில் மட்டை விழுவது புதிதா என்ன? நான் மைலோவும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தாவில் தேவன் தலையைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“சத்தியம் ஞாபகம் இருக்கா தம்பி?” என்று கேட்டேன்.

வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அழுததுபோல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். நான் தோளோடு அணைத்துக்கொண்டேன். எனக்கும் அழுகை வந்தது. அது நடிப்பு இல்லை. ஆஸ்பத்திரிச் செலவைக்கூட நான்தான் கட்டினேன்.

அதற்குப் பிறகு அவனிடம் சத்தியத்தைப் பற்றிப் பேச வேண்டிய தேவையே வரவில்லை. போனில் கொஞ்சம் தயங்கினால், “அம்மா எப்படி இருக்காங்க?” என்று கேட்பேன். நல்லா இருக்காங்க மாமா என்பான். பறப்பான். நன்றாகப் பறப்பவன், சீக்கிரமே கேப்டன் ஆக்கினோம். கேப்டன் என்றால், இன்று என்னால் பறக்க முடியாது என்று சொல்லும் உரிமை அவனுக்கு உண்டு. சட்டமே கொடுக்கிறது. நீங்கள் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். இவ்வளவு களைப்பில் இருந்தவர் ஏன் அந்த உரிமையைப் பயன்படுத்தவில்லை என்று.

தீபாவளிக்கு முன்னால் சாமான் மலைபோல் குவிந்தது. பிள்ளைகள் மெத்தையில் படுக்க நேரமில்லாமல் பறந்தார்கள். ஒரு நாள் மத்தியானம் தேவன் என் காடியின் முன்சீட்டில் வந்து ஏறினான். கண் இரண்டும் சிவந்திருந்தது. பீடோங் வரை ஜன்னலில் தலை சாய்த்தபடியே வந்தான். இறங்குகிற இடத்தில் கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான்.

“மாமா, அந்தச் சத்தியத்த எடுத்து வுட்டுருங்களேன். நான் கம்பெனிய வுட்டு எங்கயும் போக மாட்டேன். ஒடம்பு முடியாத அன்னிக்கு முடியலன்னு சொல்லணும், அவ்வளவுதான் மாமா.”

சத்தியத்தை எடுப்பதற்கு முறை இருக்கிறது. வாங்கியவன் அதே சந்நிதியில் நின்று, ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்துப் போட்டு, விட்டேன் என்று வாயால் சொல்ல வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. சுங்கை லாலாங் அங்கிருந்து கூப்பிடு தூரம். எலுமிச்சம்பழம் எதிர்க் கடையிலேயே இருந்தது. என் கண்ணுக்குத் தெரிந்தது.

“இப்ப ரொம்ப பிசிலா தம்பி. தீவாளி முடியட்டும். நல்ல வெள்ளிக்கெழமையாப் பாத்துப் போவோம்” என்றேன்.

“சரி மாமா” என்றான். இறங்கும்போது, “மறந்துறாதீங்க” என்றும் சொன்னான்.

அந்தக் கடைசி நாள் போன் பேச்சு கம்பெனிப் பதிவில் இருக்கிறது, நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். “மாமா, என்னால முடியல. காலையில எறங்குறப்பவே கண்ணு சொருகிருச்சு. ஹஃபீஸ்தான் கூப்புட்டு எழுப்புனான். இன்னிக்கு வேற ஆளப் போட்டுருங்க” என்றான். வேறு ஆள் இருந்தான். ஜீவன் என்ற இன்னொரு கேப்டன் வீட்டில்தான் இருந்தான். ஆனால் அவனைக் கூப்பிட்டால் அடுத்த நாள் பயணத்துக்கு ஆள் இருக்காது, முதலாளி மறுபடி கத்துவார். அதற்கு மேல் வேறு காரணம் இருந்தது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது, ஆனால் இல்லை. நான், “சரி தம்பி, பாத்துக்கலாம். அம்மா எப்படி இருக்காங்க?” என்றேன். பதிவில் அந்த இடத்தில் மூச்சு மட்டும் கேட்கும். பிறகு, “நல்லா இருக்காங்க மாமா. நான் போறேன்” என்றான்.

நேற்று அதை ஓட்டிக் காட்டிவிட்டு நீங்களே சொன்னீர்கள், இந்தக் கம்பெனியில் அவரிடம் அன்பாகப் பேசியவர் நீங்கள் ஒருவர்தான் போலிருக்கிறது என்று. அதைக் கேட்டபிறகுதான் இன்று கிளம்பி வந்தேன். உங்கள் பதிவில் அன்பாகக் கேட்கிற அந்தக் கேள்விதான் அவனைத் தூக்கி விமானத்தில் வைத்தது. தூங்கி விழுகிறான் என்று தெரிந்தும் கேட்டேன். செத்தாலும் சாவான் என்று தெரிந்தும் கேட்டேன். அவனைக் கொன்றது நான்.

மழையில் இறங்கும்போது ஓடுபாதைக்கு முன்னாலேயே நெல்வயலில் விழுந்துவிட்டது. வயல் முழுக்கத் தீபாவளிப் பொட்டலங்கள் மிதந்தன. அடையாளம் காட்ட அக்காவை அனுப்பவில்லை, நான்தான் போனேன். சேறு படிந்திருந்த அவன் வலது கையைத் துடைத்துவிட்டேன். அந்த உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. என் பிள்ளை போய்விட்டான், மேடம். எனக்கு வேறு பிள்ளை இல்லை.

போன வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு தனியாக முனியாண்டியிடம் போனேன். அறுத்துப் போட்டு, விட்டேன் என்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ புல் வெட்டும் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னது என் காதிலேயே விழவில்லை.

அங்கிருந்து அக்கா வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தாள். தோள் சரியாகிவிட்டது, கையை நன்றாகத் தூக்குகிறாள். “நீ ஒருத்தன்தான் தம்பி என்னைய நெனைக்கிற. எப்ப போன் போட்டாலும் மாமா ஒங்களத்தான் மொதல்ல கேப்பாரும்மான்னு சொல்லுவான்” என்றாள். நான் தேத்தண்ணீரைக் குடித்து முடித்தேன்.

நீங்கள் எழுதியதில் ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். எனக்கு முனியாண்டி மேல் நம்பிக்கை கிடையாது என்று சொன்னேன் அல்லவா, அதை அடித்துவிடுங்கள். இரண்டு நாளாக யோசித்துப் பார்க்கிறேன். தேவன் கடைசிவரை வாக்குத் தவறவில்லை. அக்காவுக்கு ஒரு குறையும் இல்லை, நீங்களே போய்ப் பார்த்தீர்கள். அவன் மட்டும் அன்றைக்குப் பறக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தால் அவளுக்கு என்ன ஆகியிருக்கும், கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.