மாமனாரின் கழுத்துப் பட்டன்

வைஃபை ரௌட்டரை அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைப்பது தப்பு, மேடம். காற்றோட்டமான இடத்தில், கொஞ்சம் உயரமாக வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது கூடத்து அலமாரியின் உச்சியில், என் மாமனார் வாங்கிய கேடயங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தது. உங்கள் காவலர் அதைக் கம்பியோடு பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். பதமாக எடுத்திருக்கலாம்.

நான் வீட்டோடு மாப்பிள்ளை. வேலையும் வீட்டிலிருந்தேதான். ஃப்ரிட்ஜ் குளிரவில்லை, வாஷிங் மெஷின் சுற்றவில்லை என்று போனில் கத்துகிறவர்களிடம், "உங்க சிரமம் எங்களுக்குப் புரியுது சார்" என்பேன். புரியாது. ஆனால் என் குரல் ஏறவே ஏறாது. அதற்காகத்தான் என்னை வைத்திருக்கிறார்கள்.

மாமனார் தலைமையாசிரியராக இருந்தவர். அவர் ஓய்வு பெற்றபோது பள்ளிக்கூடத்துக்குத்தான் ஓய்வு கிடைத்தது என்பார்கள். தெருவில் எல்லோருக்கும் அவர் 'பிரம்பு சார்'. நான் சாப்பாட்டு மேஜையில் போனை நோண்டினேன் என்பதற்காக ஒருநாள் வைஃபையின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார்.

"வீடும் என் பேர்ல இருக்கு, நெட்டும் என் பேர்ல இருக்கு. வேலை நேரத்துக்கு மட்டும் நானே வந்து போட்டுத் தரேன் மாப்ள."

அந்த 'மாப்ள'வை அவர் பல்லிடுக்கில் மாட்டிய எதையோ துப்புவதுபோலச் சொல்வார். தினமும் காலையில் என் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து, ஒரு கையால் மறைத்துக்கொண்டு, மறு கையின் ஒற்றை விரலால் கடவுச்சொல்லைத் தட்டுவார். சாயங்காலம் வந்து அழித்துவிட்டுப் போவார். மனைவியிடம் சொன்னேன். "அப்பாவைப் பத்தித் தெரியாதா, விடுங்க" என்றாள். நானும் விட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தாள்.

வைஃபை இல்லாதவன் கம்பியில் போகலாம் என்பது அவருக்குத் தெரியாது. ஒரு முனையை ரௌட்டரில் செருகி, மறுமுனையைக் கம்ப்யூட்டரில் செருகினேன். ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டிலேயே எந்த முகவரிக்குப் போக வேண்டும், என்ன பெயர், என்ன கடவுச்சொல் என்று எல்லாம் அச்சடித்திருக்கிறது. வாசலுக்குப் பூட்டுப் போட்டவர் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டிருந்தார். உள்ளே போனால் வீடு மொத்தமும் ஒரே திரையில் வரிசையாக நிற்கிறது: மனைவியின் போன், மாமியாரின் போன், டிவி, மாமனாரின் டேப்லெட். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச். அந்த வீட்டில் என் சொல் கேட்ட முதல் பொருள்கள் அவைதான்.

பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. மாமனார் எங்கோ இருக்கும் யாரோ ஒருவரோடு டேப்லெட்டில் சதுரங்கம் ஆடுவார். ஜெயிக்கப் போகும்போது மீசையைத் தடவுவார். தடவினால் நான் சுவிட்சைத் தட்டுவேன். "பயந்து ஓடிட்டேன்னு நினைப்பானே" என்று கூடத்தில் உலாத்துவார். சில வாரங்களில் அந்த ஆள் இவரோடு ஆடுவதை நிறுத்திவிட்டான். மாமனார் ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மாமியார்தான் பாவம், என்னென்னவோ செய்து கொடுத்துப் பார்த்தார்.

அப்புறம் அவர் மாடிப்படியில் வழுக்கினார். அதில் என் பங்கு எதுவும் இல்லை, விசாரித்துக்கொள்ளுங்கள். இடுப்பில் நல்ல அடி. மனைவி பயந்துபோய், கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஒரு பட்டனை வாங்கி வந்தாள். அமுக்கினால் ரௌட்டர் வழியாக எங்கள் எல்லோர் போனிலும் மணி அடிக்கும். அவருக்கு அது பழைய பள்ளிக்கூட மணியைத் திருப்பிக் கொடுத்தது போலாயிற்று. ஜன்னலைச் சாத்த அமுக்குவார். ரிமோட்டை எடுத்துத் தர அமுக்குவார். நான் ஒரு வாடிக்கையாளரைப் பாதி சமாதானம் செய்திருக்கும்போது ஓடிப்போனால், "இன்னிக்கு என்ன கிழமை மாப்ள?" என்பார்.

அந்தப் பட்டனும் என் திரையில் ஒரு சுவிட்சோடு வந்து நின்றது. அதனால் என் வேலை நேரத்தில் மட்டும் அதை நிறுத்தி வைத்தேன். அந்த நேரங்களில் மாமியார் வீட்டில் இருப்பார், கூப்பிட்டால் கேட்கும். யாருக்கும் நஷ்டமில்லை. "பேட்டரி போயிருக்கும்" என்று மனைவி இரண்டு முறை மாற்றினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியும் மாமியாரும் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வெளியூர் போனார்கள். "அப்பாவைப் பாத்துக்கோங்க" என்றாள் மனைவி. தலையாட்டினேன். எனக்கும் விடுமுறைதான். விடுமுறையில் எதற்குக் கம்பியைச் செருகினீர்கள் என்று நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. பழக்கம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

மாமனார் குளியலறைக்குப் போனார். ஏதோ சரிகிற சத்தம் கேட்டது. நிறுத்தி வைத்த கருவி வெளியே போக முயன்றால் திரையில் ஒரு வரி வந்து விழும். ஒரு வரி விழுந்தது. அதன் கீழே இன்னொன்று. அப்புறம் மழைத்தூறல் போல விழுந்துகொண்டே இருந்தன. பிளாஸ்டிக் குவளையால் தரையைத் தட்டும் சத்தமும் வந்தது.

"மாப்ள... மாப்ள..."

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன், மேடம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எழுந்து டிவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அதையும் மீறிக் கொஞ்சம் கேட்டது.

"தம்பி... கதவு தெறந்துதான் இருக்கு... கொஞ்சம் வாங்க தம்பி..."

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை, வாங்க என்றதும் இல்லை. மரியாதை கற்றுக்கொள்ள வயது ஒரு தடையே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

திரையில் வரிகள் நின்றன. தட்டும் சத்தமும் நின்றது. நான் எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கிறவன். சுவிட்சைப் பழையபடி தட்டிவிட்டுக் கம்பியைப் பிடுங்கிச் சுருட்டினேன். அந்தப் பட்டன், போகாத செய்திகளையெல்லாம் சேர்த்து வைத்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அத்தனையும் ஒரே மூச்சில் மனைவியின் போனுக்குப் போய் விழுந்தன. உடனே கூப்பிட்டாள்.

"என்னங்க, அப்பா விடாம அமுக்கியிருக்காரு. என்னாச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. ஃபேனைப் போடச் சொன்னாரு. போட்டுட்டேன்."

"அவர்கிட்ட குடுங்க, ஒரு வார்த்தை பேசிடறேன்."

"இப்பத்தான் கண்ணசந்தாரு."

"உள்ள போய் ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லுங்களேன்."

கொஞ்ச நேரம் போனைக் காதில் வைத்தபடி நின்றேன். வாடிக்கையாளரைக் காத்திருக்கச் சொல்லும்போது நிற்பது போல. பிறகு, "பாத்துட்டேன், நல்லா தூங்குறாரு" என்றேன். பெருமூச்சு விட்டுச் சிரித்தாள். பின்னால் மேளச் சத்தம் கேட்டது.

அந்த நேரத்தில் அவருக்கு உயிர் இருந்தது, உடனே தூக்கியிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். இருந்தது, மேடம். போன் பேசும்போதே அவர் முனகுவது எனக்குக் கேட்டது. ஆனால் என் மனைவி எங்கும் போகாதவள், எப்போதோ ஒருமுறை ஒரு விசேஷத்துக்குப் போயிருக்கிறாள். நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரட்டுமே என்றுதான் அப்படிச் சொன்னேன்.