இலக்கணம் தின்னும் கறையான்

வாவியோரத்துக் கறையானுக்கு ஸ்பானிய மொழி தெரியும் என்று பதினொரு வருடம் சொல்லிவந்தவன் நான்தான், சுவாமி. நீங்கள் மிஷனுக்குப் புதியவர். மேசையடியில் இந்தத் தகரப்பெட்டியைக் கண்டு கேட்கிறீர்கள். சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு முன்னிருந்த இஞ்ஞாசி சுவாமி ஸ்பெயின்காரர். கப்பல் வேலைக்குப் போகிறவர்களுக்காக ஸ்பானிய இலக்கண நூலொன்று எழுதத் தொடங்கினார். கலைச்சொற்கள் ஆங்கிலத்திலும் வேண்டும் என்றது கொழும்பு அச்சகம். என்னிடம் கிளாக்கர் வேலையில் பழகிய ஆங்கிலம் இருந்தது. அவர் 'வெர்போ' என்று சொல்லி விளக்குவார். நான் 'வெர்ப்' என்று துண்டுச்சீட்டில் எழுதிச் சணல் கயிற்றில் கோப்பேன்.

"இது முடிஞ்சா ஊருக்குப் போறன், நல்லரத்தினம். அக்கா காத்துக்கிட்டிருக்கா" என்பார்.

மனைவி செத்தபிறகு என் கதைகளைக் கேட்க ஆளில்லை. தோணியை முதுகில் சுமந்துபோன நண்டின் கதைக்கு இஞ்ஞாசி சுவாமி கண்ணீர் வரச் சிரித்தார். "நண்டுக்கிட்டத் துடுப்பையும் குடுத்தியா?" என்று கேட்டார். அப்படிப்பட்டவரை யார்தான் கப்பலேற்றுவார்கள்?

ஆகவே அவ்வப்போது ஒரு சீட்டுக் கோவையை வாவியில் போட்டேன். கறையான் தின்றுவிட்டதென்றேன்.

"பக்கத்தில பைபிள் கிடக்கு. அதத் தொடல்லியே?"

"அது வேதக்காரக் கறையான், சுவாமி."

சிரித்தார். மறுபடி முதலிலிருந்து எழுதினோம்.

ஒரே சொற்களைத் திரும்பத் திரும்ப எழுதினால் மொழி வந்துவிடுகிறது. தபால் கந்தோரிலிருந்து கடிதம் எடுத்துவருபவனும் நானே. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில் அவருடைய அக்காவின் கடிதமொன்றைப் பிரித்தேன், வாசிக்க முடிந்தது. கண் மங்குகிறது, உன் முகம் தெரியும்போதே வந்துவிடு என்று எழுதியிருந்தா. கொடுத்தால் நூலைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். கொடுக்கவில்லை. ஸ்பெயினில் சண்டை, தபால் வராது என்றேன். அதில் பாதி உண்மை.

அடுத்த கடிதம் வேறு கையெழுத்தில் வந்தது. அக்கா இறந்துவிட்டா. வயதானவருக்கு எதற்குத் துக்கம் என்று அதையும் இந்தப் பெட்டியில் வைத்தேன்.

அதன்பின் இரண்டு வருடம் அவர் அவசரப்பட்டார். அக்காவுக்கு வயதாகிறது என்றார். காய்ச்சலில் படுத்தபடியே சொற்களைச் சொன்னார், எழுதினேன். கறையானும் தன் வேலையைச் செய்தது.

கடைசி நாள் என் கையைப் பிடித்துக் கேட்டார்: "அக்கா இருக்கா தானே?"

"ஓம் சுவாமி. வாசல்லயே நிக்கிறாவாம்."

என் கதைகளுக்கெல்லாம் சிரித்தவர் இதற்குச் சிரிக்கவில்லை. காலில் சப்பாத்தைப் போட்டுவிடச் சொன்னார். போட்டு, கயிற்றையும் கட்டிவிட்டேன்.

இத்தனை வருடத்தில் அவரை நான் ஒருநாளும் அழவைத்ததில்லை, சுவாமி. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.